உறங்கியும் தீராத சோர்வு

எட்டு மணி நேரம் படுத்து எழுந்தும் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. வேலையில் கவனம் நிற்பதில்லை, பிடித்தவற்றில்கூட நாட்டம் குறைகிறது, சின்னச் சொல்லுக்கும் எரிச்சல் வருகிறது. இவற்றைக் கேட்கும் மருத்துவருக்கு மனச்சோர்வு முதலில் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. மனச்சோர்வை மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் ஒன்பது கேள்விகளில் தூக்கம், களைப்பு, கவனம் ஆகிய மூன்றுமே இடம்பெறுகின்றன. ஆனால் ‘ஸ்லீப் ஆப்னியா’ எனப்படும் உறக்க மூச்சுத்தடையும் இதே அறிகுறிகளை உண்டாக்கக்கூடும்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மூச்சுப்பாதை இயல்பிலேயே குறுகலாக உள்ளவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதியும், வாயின் மேற்புறத்தின் மென்மையான பின்பகுதியான மென்னண்ணமும் பின்னோக்கிச் சரிந்து வழியை அடைத்துவிடும். அடுத்த அறை வரை கேட்ட குறட்டை சட்டென்று நின்றுபோகும். மார்பும் வயிறும் ஏறி இறங்கினாலும் காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக் கரியமில வாயு ஏறியதும் மூளை தூங்குபவரை ஒரு கணம் உசுப்பிவிட, பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. குறைந்தது 10 வினாடி நீடிக்கும் இத்தகைய முழுத்தடைகளும் பாதித்தடைகளும் சேர்ந்து மணிக்கு 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் கடுமையானதாகக் கணக்கிடப்படுகிறது. ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு தடைப்படுகிறது என்று பொருள். விழிப்புகள் மிகக் குறுகியவை என்பதால் காலையில் அவை நினைவிலிருப்பதில்லை. “நன்றாகத்தான் தூங்கினேன்” என்று அவர் சொல்வது பொய்யல்ல.

ஆகவே, பக்கத்தில் படுப்பவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நல்லது. காலைத் தலைவலி, வறண்ட வாய், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவையும் தடயங்களே. பெண்களிடம் குறட்டையைவிடக் களைப்பும் தூக்கமின்மையுமே முன்னிற்பதுண்டு என்பதால் அவர்களுக்கு நோய் தவறிப்போகும் வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தூக்கத்துக்கெனத் தரப்படும் சில மாத்திரைகள் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி மூச்சுத்தடையை மோசமாக்கலாம். அதற்காக, மனச்சோர்வுக்கு எடுத்துவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடக்கூடாது. மனச்சோர்வும் மூச்சுத்தடையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

ஓர் இரவு தூக்க ஆய்வில் மூச்சு, ஆக்சிஜன், மூளை அலைகள் ஆகியவை பதிவாகி உண்மை தெரிந்துவிடும். முகமூடி வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையை மூடவிடாமல் தாங்கும் ‘சிபாப்’ முறையை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்டார். அதை முறையாகப் பயன்படுத்திய பிறகும் மனம் தெளியவில்லையென்றால், மிஞ்சியிருப்பது மனச்சோர்வுதானா என்பதை மருத்துவர் அப்போது தெளிவாகப் பார்க்க முடியும்.