பத்து கிலோமீட்டர் வித்தியாசம்

ஒரு பத்து ரூபாய் நோட்டை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். உங்கள் வீட்டுப் பதின்ம வயதுப் பிள்ளையிடம், நோட்டின் நடுப்பகுதிக்கு இரு புறமும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிடித்தால் நோட்டு அவர்களுக்கு. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுங்கள். அநேகமாக நோட்டு தரையில்தான் கிடக்கும்.

நோட்டின் நீளம் 12.3 சென்டிமீட்டர். விரலுக்குக் கீழே இருக்கும் பாதி, 0.11 விநாடியில் நழுவிவிடும். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் அசைய ஏறத்தாழ 0.2 விநாடி வேண்டும். இத்தனைக்கும் நோட்டு விழப்போகிறது என்று தெரிந்தே காத்திருக்கிறோம். சாலையில் அப்படி இல்லை. ஒரு நாய் குறுக்கே வரும்போது, அது வருகிறது என்று உணர வேண்டும், ஒதுங்கலாமா நிறுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டும், கையும் காலும் பிரேக்குக்குப் போக வேண்டும். கவனமாக ஓட்டுபவருக்கே இதற்கு ஒரு விநாடி ஆகிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 17 மீட்டர் கடந்திருக்கும். கைபேசியை இரண்டு விநாடி குனிந்து பார்த்தால் 33 மீட்டர்.

ப்ளஸ் ஒன் வகுப்பில் இயக்கச் சமன்பாடுகளை நடத்தும்போது நான் ஒரு கணக்குப் போடுவேன். இரண்டு பைக்குகள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒன்றின் வேகம் 50, இன்னொன்று 60. எதிரே ஒரு லாரி குறுக்கே நின்றுவிடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், ஒரு விநாடி கழித்துப் பிரேக் பிடிக்கிறார்கள். தரை காய்ந்திருக்கிறது, இருவருக்கும் நல்ல பிரேக், ஒவ்வொரு விநாடியும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற கணக்கில் குறைகிறது. 50இல் வந்தவர் 28 மீட்டரில், லாரியைத் தொடாமல் நின்றுவிடுகிறார். 60இல் வந்தவர் அதே இடத்தில் லாரியை எந்த வேகத்தில் இடிப்பார்?

பத்து என்றுதான் வகுப்பு முழுக்கச் சொல்லும். விடை 40.

போர்டில் போட்டுக் காட்டினாலும் நம்ப மறுப்பார்கள். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. காரணம் இதுதான். பிரேக் ஒவ்வொரு மீட்டரிலும் வண்டியிடமிருந்து எடுப்பது வேகத்தை அல்ல, இயக்க ஆற்றலை. அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே ஆரம்ப மீட்டர்களில் வேகம் கொஞ்சமாகத்தான் குறையும். பிரேக் பிடித்து நிற்கிற தூரத்தில் முக்கால்வாசி போன பிறகும் பாதி வேகம் மிச்சம் இருக்கும். மீதிப் பாதி கடைசிக் கால்வாசித் தூரத்தில்தான் போகும். லாரி நிற்பதோ அந்தக் கடைசி மீட்டர்கள் தொடங்குவதற்கு முன்னாலேயே. 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஆறு மீட்டருக்கும் மேலே, இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

ரத்தம் தோய்ந்த விபத்துப் படங்களை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பார்க்கும்போது முகம் சுளிப்பார்கள், மாலையில் மூன்று பேராக ஒரே வண்டியில் போவார்கள். படத்தில் இருப்பவன் வேறு யாரோ. அதனால் நான் அளவுநாடாவும் சுண்ணாம்புப் பொடியுமாக மைதானத்துக்குக் கூட்டிப்போகிறேன். 50இல் வரும் வண்டி எங்கே நிற்கும், 60இல் எங்கே, 80இல் எங்கே என்று முதலில் அவர்களே போய் நிற்க வேண்டும். அப்புறம் அளப்போம்: 28 மீட்டர், 37 மீட்டர், 58 மீட்டர். பெரும்பாலும் அவர்கள் நின்ற இடத்தைத் தாண்டித்தான் கோடு விழும். நிற்க முடியாது என்பதை அங்கே கால் உணர்கிறது.

அப்படி ஒருநாள் ஒரு மாணவன் கேட்டான்: "பின்னால ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தா, சார்?"

பாரம் கூடினால் பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றலும் கூடும், வண்டி தள்ளாடும் என்று அன்றைக்குச் சொன்னேன். அது பாதி விடைதான். மீதி மூளையில் இருக்கிறது. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 306 பேரைக் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் அநேகமாக இல்லை. 2011இல் வேறொரு ஆய்வு மூளையையே ஸ்கேன் செய்து பார்த்தது. நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே, பரிசு கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதி பதின்ம வயதினருக்கு அதிகமாகத் தூண்டப்படுகிறது. அதற்குக் கடிவாளம் போட வேண்டிய மூளையின் முன்பகுதியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே "அவன் நல்ல பையன், நிதானமாத்தான் ஓட்டுவான்" என்று பெற்றோர் சொல்வது பொய் இல்லை. தனியாகப் போகும்போது அவன் அப்படித்தான்.

நியூசிலாந்து 1987இலேயே இதற்கேற்ப லைசென்ஸைப் படிப்படியாகத் தரத் தொடங்கியது. புதிதாக ஓட்டுபவர், அனுபவமுள்ளவர் உடன் இல்லாமல், இரவில் ஓட்டவோ நண்பர்களை ஏற்றவோ கூடாது. நம் நாட்டில் 18 வயதுக்குக் கீழே கியர் வண்டிக்கு இடமே இல்லை. 2019இன் திருத்தச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே நண்பரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போவதைத் தடுக்க எந்தப் படியும் இல்லை. அந்தப் படியை வீடுதான் போட வேண்டும்: முதல் ஆறு மாதம் பின்சீட்டில் நண்பர் கிடையாது.

இன்னொன்றும் வீட்டிலேயே திருத்த வேண்டியது. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்" என்றுதான் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். உண்மையில் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின்சக்கரம் லேசாகி வழுக்கத் தொடங்கும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். எல்.எல்.ஆர். எடுத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டிவிட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வந்து ஒரு கோட்டில் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல், பிழிவதுபோல் அழுத்த வேண்டும். முதல் முயற்சியில் கோட்டைத் தாண்டிப் பத்து மீட்டர் போவார்கள். இரண்டு பிரேக்கும் பழகியபின் ஐந்து மீட்டரில் நிற்பார்கள்.