எம்டன்: ஆளாக மாறிய ஒரு கப்பல்

காட்பாடியில் நான் படித்த காலத்தில் எங்கள் கணக்கு வாத்தியாருக்குப் பையன்கள் வைத்திருந்த பெயர் எம்டன். வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் 'டேய், எம்டன் வர்றாருடா' என்று ஒருவன் கிசுகிசுப்பான், வகுப்பு அப்படியே அடங்கிவிடும். வீட்டில் பாட்டி அதே சொல்லை வேறு மாதிரி சொல்வார். அரிசி டப்பாவுக்குள் அவர் ஒளித்து வைத்த காசை என் தம்பி எப்படியோ மோப்பம் பிடித்து ஐஸ் வாங்கித் தின்றுவிட்டான். 'இவன் சரியான எம்டன், இவன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்' என்று திட்டினார். அந்தத் திட்டில் பாதி கோபம், பாதி பெருமை.

இந்த இரண்டும்தான் இன்றும் இந்தச் சொல்லின் பொருள். ஒன்று, எதிரே நிற்கவே அஞ்ச வேண்டிய கண்டிப்பான ஆள். மற்றொன்று, யாரையும் ஏய்த்துவிட்டு நழுவிவிடும் தந்திரக்காரன். பெண்ணைப் பற்றிப் பேசும்போதும் 'அவ ஒரு எம்டன்' என்றுதான் சொல்கிறோம், சொல் மாறுவதில்லை.

எமன் என்பதிலிருந்துதான் இது வந்திருக்கும் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். வேலூர்ப் பக்கம் பலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு ஊரின் பெயர். வடமேற்கு ஜெர்மனியில் எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது எம்டன் என்ற துறைமுக நகரம். அதன் பெயரை ஜெர்மன் கடற்படை 1908இல் வெள்ளோட்டம் விட்ட ஒரு போர்க்கப்பலுக்கு வைத்தது. பாலாறே மணலாய்க் கிடக்கும் ஊர் எங்களுடையது, கடலோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜெர்மன் கப்பலின் பெயர் திட்டாகவும் கொஞ்சலாகவும் புழங்குகிறது என்றால், அந்தக் கப்பல் செய்த காரியம் அப்படி.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் சென்னைக் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்றது. முதல் உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் நகரத்தில் விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. தேடுவிளக்கைப் போட்டுத் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்தார்கள். அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சூப்ரா என்ற கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டும் பயனில்லை, கப்பல் விளக்குகளை அணைத்துக்கொண்டு இருட்டில் மறைந்துவிட்டது.

கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் நோக்கம் நகரத்தைப் பிடிப்பதல்ல. இந்திய மக்களைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும், ஆங்கிலேயரின் வணிகத்தைக் குலைக்க வேண்டும், அவர்கள் கௌரவத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அது பலித்தது. சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள், ரயில் நிலையங்களில் நெரிசல். எங்கள் பாட்டியின் சித்தப்பா குடும்பம் பாத்திரங்களைப் புடவையில் மூட்டை கட்டிக்கொண்டு காட்பாடியில் வந்து இறங்கியதாக வீட்டில் ஒரு கதை உண்டு. அதை நான் நம்புகிறேன். அன்றிரவு குண்டுச் சத்தம் வேலூர் வரை கேட்டது என்று அதே கதையில் ஒரு வரி வரும். அதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. கப்பலில் இருந்தவை பத்தரை சென்டிமீட்டர் பீரங்கிகள். அவற்றின் ஓசை நூற்றிச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வருமா? வந்தது பயம்தான். பயம் சத்தத்தை விட வேகமாகப் பரவும்.

இதைவிடப் பெரிய கற்பனை ஒன்று நம் மேடைப் பேச்சுகளில் நிலைத்துவிட்டது. எம்டனில் ஒரு தமிழர் இருந்தார், அவர்தான் செண்பகராமன் பிள்ளை, அவர் வழிகாட்டித்தான் சென்னையில் குண்டு விழுந்தது என்பார்கள். சிலர் அவரைக் கப்பலின் பொறியாளர் ஆக்குவார்கள், சிலர் டாக்டர் ஆக்குவார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது நிற்காது. 1891இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் இளம் வயதிலேயே ஐரோப்பா போய்விட்டார். 1914 செப்டம்பரில் அவர் இருந்தது சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில். அங்கே இந்திய விடுதலைக்காக ஒரு குழுவைத் தொடங்கி, அப்புறம் பெர்லினுக்குப் போனார். எம்டனோ போருக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சீனக் கரையின் சிங்தாவ் துறைமுகத்தில் இருந்த கப்பல். 1914 ஜூலை 31 அன்று அங்கிருந்து கிளம்பி, பசிபிக் வழியாக வங்கக் கடலுக்கு வந்தது. ஐரோப்பாவில் இருந்த ஒருவர் அதில் எங்கே ஏறியிருக்க முடியும்?

இதைச் சொன்னால் அவரைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. அந்நிய மண்ணில் ஆயுளைக் கழித்து, 1934இல் பெர்லினில் இறந்து, சாம்பலாக 1966இல் கப்பலேறி நாடு திரும்பிய மனிதர் அவர். அந்த வாழ்க்கையைச் சொல்லாமல், ஏறாத கப்பலில் அவரை ஏற்றிவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

சரி, சொல்லுக்கு வருவோம். குண்டு போட்டது பயத்துக்குக் காரணம். தந்திரக்காரன் என்ற பொருள் எப்படி வந்தது? அதற்கும் கப்பலே காரணம். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். நான்கு புகைபோக்கி உள்ள ஆங்கிலக் கப்பல் என்று தூரத்தில் இருப்பவர்கள் ஏமாற வேண்டும் என்பதற்காக ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்து நிறுத்திக்கொண்டார்கள். அந்த வேஷத்திலேயே அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, நங்கூரமிட்டிருந்த ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார்கள். இத்தனை கப்பல்கள் துரத்தியும் எம்டன் சிக்கவில்லை என்ற செய்தி நாள்தோறும் வந்தால், பெயரே ஏய்ப்பவனுக்கு அடையாளம் ஆகாமல் என்ன செய்யும்? பிடித்த கப்பல்களின் ஆட்களை முல்லர் கொல்லவில்லை, பத்திரமாக வேறு கப்பலில் ஏற்றி அனுப்பினார். ஒரு கப்பலில் அதன் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள் என்பதற்காக அந்தக் கப்பலையே மூழ்கடிக்காமல் விட்டுவிட்டார். பாட்டியின் திட்டில் இருந்த அந்தப் பெருமைக்கு இங்கேயும் ஒரு வேர் இருக்கலாம். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அடித்த அடியில் எம்டன் தரைதட்டி அழிந்தது. சென்னைக்கு வந்துபோய் ஏழு வாரம்கூட ஆகவில்லை.

கப்பல் போனது, சொல் மட்டும் எப்படித் தங்கியது? ஓசையில் இருக்கிறது காரணம் என்பது என் முடிவு. தமிழ் இலக்கணப்படி ஒரு சொல்லுக்குள் மகர மெய்க்குப் பின் ப, ம, ய, வ வரலாம், டகரம் வராது. அதனால் 'எம்டன்' என்று எழுதினாலும் பேச்சில் எமடன், எமண்டன் என்று நாக்கு தனக்கு வசதியாகத் திருத்திக்கொள்கிறது. திருத்தியதும் உள்ளே எமன் வந்து உட்கார்ந்துவிட்டான். கடைசியில் இருக்கும் 'அன்' நம் ஆண்பால் விகுதி, கண்ணன், முருகன் போல. ஏற்கனவே எமகாதகன் என்ற சொல்லும் நம்மிடம் இருந்தது, எமனையே கொல்லக்கூடியவன் என்ற பொருளில். இப்படி எல்லாப் பக்கமும் இடம் தயாராக இருக்க, கப்பல் வந்து ஆளாகிவிட்டது. மலையாளத்தில் இதே பெயர் யமண்டன் ஆகி, மிகப் பெரிய என்ற பொருளுக்குப் போய்விட்டது. சிங்களத்திலும் தந்திரக்காரனுக்கு எம்டன் என்பார்கள்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்த மகாயுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். போரை நினைவுபடுத்த எங்கள் ஊரில் கல்லில் இருப்பது அது, வாயில் இருப்பது எம்டன்.

சரியான தமிழ்ச் சொல் எது? கில்லாடி என்பார்கள், அது வடக்கிலிருந்து வந்தது. எமகாதகனில் இரண்டு பாதியும் வடமொழி. தந்திரக்காரன் என்ற பொருளுக்கு எத்தன் நன்றாகப் பொருந்தும். எத்துதல் என்றால் ஏமாற்றுதல், 'எத்தனுக்கு எத்தன்' என்று இன்றும் சொல்கிறோம். அஞ்ச வைக்கும் ஆளுக்கு நான் முன்வைப்பது வன்கண்ணன். குறளில் வன்கண் அமைச்சனுக்கு வேண்டிய உறுதியாகவும் வருகிறது, 'வஞ்சித்து வாழ்வாரின் வன்கணார் இல்' என்று கொடுமையாகவும் வருகிறது. பாராட்டும் பழிப்பும் ஒரே சொல்லில் இருப்பதால் எம்டனுக்கு மிக அருகில் நிற்பது இதுதான். மொழிபெயர்க்கும்போது இடம் பார்த்து இந்த இரண்டில் ஒன்றைப் போடலாம்.

2006இல் வந்த 'எம்டன் மகன்' என்ற படம், தமிழ்ப் பெயருக்கு அப்போது கிடைத்த வரிவிலக்குக்காக 'எம் மகன்' ஆனது. பிறப்பைப் பார்த்தால் அந்த முடிவில் தவறில்லை. ஆனால் அஞ்ச வைத்தும் ஏய்த்தும் நம் ஊருக்குள் வந்து, நம் விகுதியைப் போட்டுக்கொண்டு, பேரப்பிள்ளையைத் திட்டவும் கொஞ்சவும் ஒரு கிழவிக்குக் கைகொடுத்த சொல் இது. என் அகராதியில் அதைத் தமிழ் வரிசையிலேயே எழுதி, பக்கத்தில் '1914, ஜெர்மன் கப்பல்' என்று குறித்து வைத்திருக்கிறேன்.