ஐடி இருந்தால் மட்டும் போதாது: தென்னாப்பிரிக்காவில் வாக்காளர் பதிவு

ஐடி கார்டு கையில் இருப்பதும் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதும் ஒன்றல்ல. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பதினாறு வயதில் ஐடி வழங்கும் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் கைரேகை வைத்தாயிற்று, பதினெட்டானதும் பெயர் தானாக ஏறிவிடும் என்று இருந்துவிடுகிறார்கள். ஏறாது. விண்ணப்பித்தால்தான் ஏறும்.

அப்படியென்றால் அரசுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது, எழுத்திலேயே இருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே பொது வாக்காளர் பட்டியல் என்பதை அரசியலமைப்பு தன் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. நம்மவர்களுக்கு அந்த 'ஒரே' என்ற சொல்லின் கனம் தெரியும். நேட்டாலில் 1896ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்கள் புதிதாக வாக்காளராகும் வழியை அடைத்தது. 1984இல் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவையும் தனி வாக்கும் வந்தன. 1994 தேர்தலில் பட்டியலே கிடையாது. இன்றைய பட்டியல் 1999 தேர்தலுக்காகத் தொடங்கியது.

1998ஆம் ஆண்டின் தேர்தல் சட்டப்படி அந்தப் பட்டியலைத் தயாரித்துப் பராமரிப்பது தலைமைத் தேர்தல் அதிகாரியின் கடமை. இந்தக் கடமை எவ்வளவு தூரம் போகும் என்பதை 1999இல் கைதிகள் தொடுத்த வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது: வாக்குரிமை இருக்கிறது என்றால், மக்கள் அதைப் பயன்படுத்த அரசு ஏற்பாடு செய்தாக வேண்டும். சிறைக்குள்ளும் பதிவு நடத்த வேண்டியதாயிற்று. எனவே பதிவுக்கென்றே ஒதுக்கும் வார இறுதிகளும் கட்டணமில்லாப் பதிவும் தேர்தல் ஆணையம் காட்டும் சலுகை அல்ல. ஆனால் விண்ணப்பம் என்ற முதல் அடியைச் சட்டம் நம்மிடமே விட்டிருக்கிறது. ஹோம் அஃபேர்ஸ் பதிவேட்டுக்கு நீங்கள் யார் என்று தெரியும், இன்று எங்கே குடியிருக்கிறீர்கள் என்று தெரியாது. வாக்காளர் பட்டியலோ முகவரியை வைத்துத்தான் நடக்கிறது.

பதிவு செய்ய மூன்று ஆவணங்களில் ஒன்று வேண்டும்: பார்கோடு உள்ள பச்சை ஐடி புத்தகம், ஸ்மார்ட் ஐடி கார்டு, அல்லது தற்காலிக அடையாளச் சான்றிதழ். டிரைவிங் லைசென்ஸை நீட்டினால் திருப்பி அனுப்புவார்கள். முகவரிக்கு மின்கட்டண ரசீது எதுவும் வேண்டாம். வாயால் சொன்னால் போதும். தெருப் பெயரும் எண்ணும் இல்லாத இடமென்றால் வீடு எங்கே இருக்கிறது என்று விவரித்துச் சொல்லலாம்.

குடியுரிமை கட்டாயம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து நிரந்தரக் குடியிருப்பு வாங்கியவர்கள் இங்கே குழம்புகிறார்கள். அவர்களுக்கும் 13 இலக்க ஐடி எண் உண்டு, ஆனால் வாக்கில்லை. எண்ணின் பதினோராவது இலக்கத்தைப் பாருங்கள்: 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரக் குடியிருப்பாளர்.

பதினாறு வயதிலேயே விண்ணப்பிக்கலாம். பதினெட்டு நிரம்பியதும் பெயர் பட்டியலில் சேரும். முதல் ஐடி வாங்கும் கையோடு இதையும் முடித்துவிடுவது நல்லது. எங்கே போவது? உங்கள் பகுதித் தேர்தல் ஆணைய அலுவலகத்தில் வேலை நாட்களில் எப்போதும் பதியலாம். பதிவு வார இறுதிகளில் உங்கள் வாக்குச்சாவடியே காலை 8 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். 2021 முதல் ஆணையத்தின் இணையதளத்திலும் செய்யலாம். அங்கே வரைபடத்தில் வீட்டைக் குறிக்கும்போது அவசரப்படாதீர்கள். புள்ளி ஒரு தெரு தள்ளி விழுந்தால் வேறு வாக்குச்சாவடி, சில இடங்களில் வேறு வார்டு.

நாடாளுமன்றத் தேர்தலில் இது பெரிய சேதமில்லை. நகராட்சித் தேர்தலில் அப்படியல்ல. டர்பனில் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஃபீனிக்ஸுக்குக் குடிபோய் முகவரியை மாற்றாதவர், தான் விட்டுவந்த தெருவின் கவுன்சிலரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தன் வாசலில் குப்பை எடுக்காததற்கு வாக்கால் கணக்குக் கேட்க வழியில்லை. முகவரியை நீதிமன்றமும் இலேசாக விடவில்லை. ட்லோக்வே நகராட்சியில் 2013இல் நடந்த இடைத்தேர்தல்களில் அந்தந்த வார்டில் குடியில்லாதவர்கள் பட்டியலில் இருந்ததால், 2015இல் அந்தத் தேர்தல்களையே ரத்து செய்தது.

வீடு மாறினால் மறுபடி பதிந்தால் போதும். பழைய பதிவை நீக்கச் சொல்லித் தனியாக எழுத வேண்டாம். திருமணத்தில் பெயர் மாறினாலும் ஐடி எண் மாறாது, பதிவு அந்த ஐடி எண்ணோடுதான் ஒட்டியிருக்கிறது. ஊரைவிட்டுப் படிக்கும் மாணவர் விடுதி முகவரியில் பதியலாம், ஆனால் அப்போது வாக்கும் அங்கேதான்.

கடைசி நாள் எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தேர்தல் நாளை வைத்து எண்ணக் கூடாது. தேர்தல் தேதி அரசிதழில் அறிவிக்கப்படும் அன்றே பட்டியல் மூடப்படும். 2024இல் வாக்களிப்பு மே 29. பட்டியல் மூடியதோ பிப்ரவரி 23. அடுத்த நகராட்சித் தேர்தல் 2026 நவம்பர் 2க்கும் 2027 ஜனவரி 31க்கும் இடையில் நடந்தாக வேண்டும். அதற்காக வார்டு எல்லைகளும் திருத்தப்படுவதால், குடிமாறாதவர்களின் வாக்குச்சாவடிகூட மாறியிருக்கலாம். ஐடி எண்ணை 32810 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எங்கே பதிவாகியிருக்கிறீர்கள் என்று பதில் வரும். கட்டணம் 1 ரேண்ட். பதில் தவறாக இருந்தால் அந்த வாரமே ஆணைய அலுவலகத்துக்குப் போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.