வெந்நீர் பைப்: பெக்ஸ் வேறு, சாதாரண பாலிஎத்திலீன் வேறு

பெங்களூரில் தனி வீடு கட்டுகிறவர்கள் சோலார் ஹீட்டரை நாலு கடை ஏறி இறங்கி விசாரித்து வாங்குகிறார்கள். அதிலிருந்து குளியலறைக்கு வெந்நீர் கொண்டுவரும் பைப்பை மட்டும் ப்ளம்பர் பொறுப்பில் விட்டுவிடுகிறார்கள். கட்டடங்களுக்குத் தண்ணீர் லைன் வடிவமைப்பது என் தொழில். ராமமூர்த்தி நகர்ப் பக்கம் ஒரு வீட்டில் கறுப்பு எச்டிபிஇ (அடர்த்தி கூடிய சாதாரண பாலிஎத்திலீன்) பைப்பையே வெந்நீர் லைனுக்கும் இழுத்திருந்தார்கள். கிளாம்ப் இல்லாத இடங்களில் அது தொட்டில் சேலை மாதிரி தொய்ந்து கிடந்தது. ஜாயின்ட் பக்கத்தில் கையால் தடவினாலே வீக்கம் தெரிந்தது. “பெக்ஸும் பாலிஎத்திலீன்தானே சார், இதுவும் அதுதானே?” என்றார் மேஸ்திரி.

நியாயமான கேள்விதான். வெந்நீருக்குப் போடும் பெக்ஸ் பைப்புக்கும் இதற்கும் மூலப்பொருள் ஒன்றே. பாலிஎத்திலீன் என்பது நீள நீளமான கார்பன் சங்கிலிகள். ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் நடுவே வேதிப் பிணைப்பு கிடையாது; நெருக்கமாக அடுக்கிய படிகப் பகுதிகள்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. 130 டிகிரி வாக்கில் அந்தப் படிகங்கள் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே, 60, 70 டிகிரியில், உள்ளே அழுத்தம் இருந்துகொண்டே இருந்தால் சங்கிலிகள் மெல்ல நழுவத் தொடங்கும். அந்த வீட்டுப் பைப் வீங்கியது இப்படித்தான்.

பெக்ஸில் சங்கிலிக்குச் சங்கிலி உறுதியான வேதிப் பிணைப்புப் போட்டுவிடுகிறார்கள்; இதுதான் குறுக்குப் பிணைப்பு. பெராக்சைடு சேர்த்துச் செய்தால் பெக்ஸ்-ஏ, சிலேன் சேர்த்தால் பெக்ஸ்-பி, எலெக்ட்ரான் கதிர் பாய்ச்சினால் பெக்ஸ்-சி.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஹாட் ஏர் கன்னை எடுத்துக் காட்டுவேன். நிறமி சேர்க்காத பெக்ஸ்-ஏ துண்டை மடித்து நசுக்கிவிட்டுச் சூடு காட்டினால், பால் நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளிகிறது. படிகங்கள் உருகிவிட்டன என்று அர்த்தம். ஆனாலும் ஒரு சொட்டுக்கூட ஒழுகுவதில்லை. ரப்பராகி, மடிந்த இடம் தானாகவே பழைய வட்டத்துக்குத் திரும்புகிறது. ஆறியதும் மறுபடி பால் நிறம். அதே சூட்டில் எச்டிபிஇ துண்டு குழைந்து வழிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

வாங்கும்போது பைப் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நடுவில் அலுமினிய அடுக்கு வைத்த பைப்பிலும் சாதாரண பாலிஎத்திலீன் வகை உண்டு, பெக்ஸ் வகை உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்கத் தரத்தில் முன்னதை 60 டிகிரிக்கும் பின்னதை 82 டிகிரிக்கும் மதிப்பிடுகிறார்கள். ஜெல் அளவுக்கான டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேளுங்கள். பைப்பைச் சீவி, சைலீன் என்ற கரைப்பானில் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சுவதை எடைபோடுவார்கள். அந்த மிச்சம்தான் பிணைப்பு விழுந்த பகுதி. ஐஎஸ்ஓ 15875 தரப்படி ஏ வகையில் 70, பி வகையில் 65, சி வகையில் 60 சதவீதமாவது இருக்கவேண்டும். பெக்ஸ்-பி முழுதாக இறுகுவதற்கு ஈரமும் சூடும் தேவை. அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பெயர்தான் பெக்ஸ்.

குறுக்குப் பிணைப்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. வெயிலைத் தாங்கும் சக்தியை அது தருவதில்லை. மொட்டை மாடியில் உறையில்லாமல் விட்டால் புற ஊதாக் கதிர், பைப்பைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட்டைத் தின்றுவிடும், பிறகு விரிசல்தான். இன்சுலேஷன் சுற்றி அதற்கு மேலும் மூடுங்கள். சூட்டில் நீளுவதும் குறையாது: 10 மீட்டர் பைப் 50 டிகிரி சூடேறினால் 7 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இறுக்கி அடித்துவிட்டால் வளைந்துகொள்ளும். நகர இடம் விட்டே கிளாம்ப் போடவேண்டும்.

பிபிஆர் (பாலிப்ரொப்பிலீன்) பைப்பை உருக்கி ஒட்டும் மெஷினால் சூடு காட்டி பெக்ஸை ஒட்ட முயல்கிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். உருகி ஓடாத பொருள் எப்படி ஒட்டும்? அந்தந்த பைப்புக்கான ஃபிட்டிங்தான் வழி.

தீபாவளிக்குச் சேலம், தர்மபுரி என்று ஊருக்குப் போய்விட்டால், தண்ணீரை யாரும் எடுக்காமல் வாக்குவம் ட்யூப் சோலார் டேங்க் கொதிநிலையை நெருங்கிவிடும். பெக்ஸுக்கும் அது அதிகம். ஆகவே டேங்கிலிருந்து முதல் ஒரு மீட்டரையாவது உலோகப் பைப்பில் போடச் சொல்கிறேன். வெட்டி மீந்த பெக்ஸ் துண்டுகளை எச்டிபிஇ ஸ்கிராப்போடு கலக்காமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். உருகாத கட்டிகளாக நின்று அந்த மொத்த ஸ்கிராப்பையும் கெடுத்துவிடும்.