ஃபயர் டோர் இடுக்குல செருப்பை வைக்காதீங்க

துபாய்ல ஃபயர் சேஃப்டி வேலைல இருக்கேன், டவர் டவரா ஏறி எறங்கி அலாரம், ஸ்பிரிங்ளர், ஃபயர் டோர் (தீயையும் புகையையும் தடுத்து நிறுத்துற கதவு) எல்லாம் செக் பண்றதுதான் பொழப்பு. ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "புர்ஜ் கலிஃபால தீப்பிடிச்சா மேல இருக்குறவங்க எப்டிப்பா எறங்குவாங்க?"

828 மீட்டர், 160 மாடிக்கு மேல, பயம் வரத்தான் செய்யும். ஆனா எங்களுக்குத் தலைவலி உயரம் மட்டும் இல்லைங்க. அதே பில்டிங்ல ஹோட்டல் இருக்கு, வீடு இருக்கு, ஆபிஸ் இருக்கு, 124வது மாடில டிக்கெட் எடுத்து செல்ஃபி எடுக்குற கூட்டம் இருக்கு. இந்த மாதிரி கலப்பு டவர் எதுலயும் ஆபிஸ்காரங்க பரவால்ல, ட்ரில் (தீ ஒத்திகை) நடக்கும், ஃப்ளோர் வார்டன்னு மாடிக்குப் பொறுப்பா ஒருத்தர் இருப்பாரு. ஹோட்டல்ல தூங்குற ஆளுக்குப் படிக்கட்டு எந்தப் பக்கம்னே தெரியாது. வீட்ல இருக்குறவங்கதான் ரொம்ப மோசம், ட்ரில்னு நோட்டீஸ் ஒட்டினா அன்னிக்குன்னு பாத்து மால் கிளம்பிடுவாங்க.

இவ்ளோ பெரிய டவர்ல எல்லாரையும் ஒரே நேரத்துல எறக்குறது பிளானே கிடையாது. தீப்பிடிச்ச மாடியும் அதை ஒட்டின மாடிங்களும் முதல்ல, மத்தவங்க அனவுன்ஸ்மென்ட் வர்ற வரைக்கும் இருந்த இடத்துலயே. புர்ஜ் கலிஃபால நடுநடுவுல ரெஃப்யூஜ் ஏரியான்னு பாதுகாப்பா ஒதுங்கி நிக்கிற இடம் வச்சிருக்காங்க, உள்ள புகை நுழையாத மாதிரி காத்து பிரஷர், ஏசி எல்லாம் உண்டு, அது வரைக்கும் படில எறங்கி வந்து காத்திருக்கலாம். ஆளுங்களைக் கீழ கொண்டு வர்றதுக்குன்னே சில லிஃப்டையும் ரெடி பண்ணி வச்சிருக்காங்க, ஆனா அது ட்ரெயினிங் எடுத்தவங்க ஓட்டுறது, நாமளா போய் பட்டன் அமுக்குற சமாச்சாரம் இல்ல.

இதெல்லாம் நிக்கிறது படிக்கட்டோட ஃபயர் டோர் மேல. படிக்கட்டுக்குள்ள ஃபேன் போட்டு காத்தைத் தள்ளி, வராண்டாவை விட பிரஷர் கொஞ்சம் கூடுதலா வச்சிருப்போம், அப்பதான் புகை உள்ள வராது. நாலஞ்சு மாடில யாராவது கதவைத் தெறந்து முட்டு குடுத்து வச்சா காத்து அது வழியா ஓடிடும், பிரஷர் இறங்கிடும், அப்புறம் புகைக்கு அந்தப் படிக்கட்டே புகைபோக்கி ஆயிடும். இன்ஸ்பெக்‌ஷன் போனா மடிச்ச அட்டைப்பெட்டி, தண்ணி கேன், ஒரு எடத்துல பிஞ்சு போன ஹவாய் செருப்பு. கேட்டா "சிகரெட் பிடிக்க போனேன் பாய், பூட்டிக்கும்ல"ங்கறாரு.

வீட்டு வாசக்கதவும் ஃபயர் டோர்தான், நிறைய பேருக்கு இது தெரியாது. டமார்னு அடிக்குது, குழந்தை முழிச்சிக்குதுன்னு மேல இருக்குற டோர் குளோசரோட கையைக் கழட்டிடுறாங்க. தீன்னு ஓடும்போது யாரும் திரும்பி கதவை சாத்த மாட்டாங்க, அது தானா சாத்திக்கணும். அதுக்குத்தான் அது. சத்தம் வந்தா மெயின்டனன்ஸ்ல சொல்லுங்க, ஒரு ஸ்க்ரூவை டைட் பண்ணா மெதுவா மூடும்.

2015 டிசம்பர் 31 ராத்திரி புர்ஜ் கலிஃபாவுக்கு எதிர்ல அட்ரஸ் டவுன்டவுன்ங்கற டவர் எரிஞ்சது பாத்திருப்பீங்க, 63 மாடி, ஹோட்டலும் வீடும் சேர்ந்தது. ஸ்பாட்லைட் ஒயர்ல ஷார்ட் சர்க்யூட்னு போலீஸ் சொன்னாங்க. வெளிச்சுவர் மேல பதிச்சிருக்குற பேனல், அதான் கிளாடிங், அதைப் பிடிச்சு தீ மேல ஏறுச்சு. அவ்ளோ எரிஞ்சும் உள்ள இருந்தவங்க படி வழியா எறங்கி வர முடிஞ்சுது. துபாய் மரீனா ஏரியால டார்ச் டவர் 2015லயும் 2017லயும் ரெண்டு தடவை எரிஞ்சுது. இதுக்கெல்லாம் அப்புறம் கிளாடிங் ரூல்ஸ் டைட் ஆச்சு, ஆனா பழைய டவர் இன்னும் நிறைய நிக்குது. அதனால பால்கனில ஷீஷா (ஹூக்கா) கரி, பழைய சோபா, அட்டைப்பெட்டி எதுவும் வேணாம், சிகரெட் துண்டை வெளிய சுண்டவே சுண்டாதீங்க.

அப்படியும் தீப்பிடிச்சு, படிக்கட்டுல புகை இருந்துதுன்னா மொட்டை மாடிக்கு ஓடாதீங்க. வீட்டுக்குள்ள திரும்பி வந்து கதவை சாத்தி, கீழ் இடுக்குல ஈரத்துண்டை அடைச்சுட்டு 997க்கு (இங்க தீயணைப்பு நம்பர்) போன் போட்டு டவர் பேரு, மாடி, ஃபிளாட் நம்பர், எத்தனை பேருன்னு சொல்லுங்க. ஃபிளாட் நம்பரைக் குழந்தைகளுக்கும் மனப்பாடம் பண்ணி வைங்க.