டேப்பெட் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறதா?

போன மாதம் ஒரு அம்பாசடர் வந்தது. பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். வேறொரு பட்டறையில் போர் எடுத்து (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன், கேம் எல்லாம் புதிதாகப் போட்டு 600 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. "மூணு தடவை டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணியாச்சுண்ணே, சவுண்டு போகவே மாட்டேங்குது" என்றார் ஓனர்.

மூன்று தடவை என்றதுமே எனக்குச் சந்தேகம். கேம் சுழன்று டேப்பெட்டைத் தூக்கும், அது புஷ் ராடு வழியாக ராக்கரை அசைத்து வால்வைத் திறக்கும். ராக்கர் நுனிக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளிதான் கேப். வால்வு சீட் அமுங்கினால் கேப் குறையத்தான் செய்யும். வைத்த கேப் மறுபடி மறுபடி கூடுகிறதென்றால் ராக்கர் நுனி, புஷ் ராடு, டேப்பெட், கேம் இவற்றில் ஏதோ ஒன்று தேய்கிறது. சத்தத்தை அடக்க இன்னும் இறுக்கினால் வால்வு சரியாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வுதான் முதலில் எரியும்.

ராக்கர் கவரைக் கழற்றி 9 கணக்குப்படி (திறந்து நிற்கும் வால்வின் எண்ணும் கேப் பார்க்கும் வால்வின் எண்ணும் கூட்டினால் 9) பார்த்தேன். ஆறாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது மூன்றாவதில் வைக்க வேண்டிய அளவைப்போல இரண்டு மடங்கு கேப். (ராக்கர் நுனியில் பள்ளம் விழுந்திருந்தால் கேப் அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு பொய் சொல்லும், அதையும் பாருங்கள்.) அந்த மூன்றாவதின் புஷ் ராடு மேல், எழும்பும் உயரத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்தால், மற்ற ஏழையும் விட இது ஒன்றரை மி.மீ. குறைவாக எழும்புகிறது.

புஷ் ராடை உருவி, பக்கவாட்டுக் கவரைத் திறந்து டேப்பெட்டை எடுத்தேன். அடிப்பக்கம் இட்லித்தட்டுக் குழி மாதிரி இருந்தது. அந்த முகம் லேசாகப் புடைத்திருக்க வேண்டும். கேம் மூக்கிலும் ஒரு சின்னச் சரிவு உண்டு. இரண்டும் சேர்ந்துதான் டேப்பெட்டைச் சுழல வைக்கும். சுழற்சி நின்றால் ஒரே இடத்தில் உரசித் தின்றுவிடும். கேம் புதுசு, டேப்பெட் முகம் தேய்ந்த பழசு. அவ்வளவுதான் விஷயம். உதிர்ந்த தூள், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் மினுங்கியது. புது பேரிங்கிலும் கோடு.

கேம் மாற்றினால் எட்டு டேப்பெட்டும் மாற்றுங்கள். பூட்டும்போது முகத்தில் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) விடவே கூடாது. கிராங்க் வீசியடிக்கும் ஆயில்தான் கேமுக்கு. ஐடிலில் அது போதாது. 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பட்டறைப் பையனுக்குக் கால் வலித்தால் நீங்கள் மாற்றிப் பிடியுங்கள். ஆயில், துத்தநாகச் சேர்க்கை போதுமான அளவு உள்ள 20டபிள்யூ-50. புதுக் கார்களின் மெல்லிய ஆயிலில் அது குறைவு.

அப்படித்தான் இந்த வண்டியையும் ஓடவிட்டேன். 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயில் மாற்றி, ஹெட் நட் டார்க் (இறுக்க அளவு) பார்த்து, கேப் வைக்க அடுத்த வாரம் வருகிறது.