கடலுக்குள் ஓடும் கரண்ட்

போன மார்ச் மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் புவியியல் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள், ‘ஓஷன் கரண்ட்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: “கடலுக்குள்ள எப்படி சித்தப்பா கரண்ட் ஓடும்? ஷாக் அடிக்காதா?”

நியாயமான கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு, நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர் இது. “கரண்ட் வந்துடுச்சா?” என்பதுதான் அப்போது தெருவெல்லாம் பேச்சு. கரண்ட் என்றால் எங்களுக்கு மின்சாரம், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் அதன் வேர் ‘ஓடு’ என்று பொருள்படும் லத்தீன் வினை. கரன்சி, கணினித் திரையில் மினுக்கும் கர்சர் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. ஆற்றிலும் கடலிலும் ஓடும் நீருக்கு வழங்கிய பெயர், பிறகு கம்பிக்குள் போவதற்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் போன்றவர்கள் மின்சாரத்தை ஒருவகைத் திரவமாகவே எண்ணினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காலம் என்பதால் ‘இப்போதைய’ என்ற பொருளும் சேர்ந்தது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களின் ‘கரண்ட் அஃபேர்ஸ்’ அந்த வகை.

தமிழ் இதைக் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நீரோட்டம், மின்னோட்டம் இரண்டும் ஓடுகின்றன. நடப்பு நிகழ்வுகளும் வங்கியின் நடப்புக் கணக்கும் நடக்கின்றன! ஆங்கிலத்தில் ஓடும் காலம் நம்மிடம் நடக்கிறது.

பல பொருள் கொண்ட சொல் காதில் விழுந்தால் மூளை எதை எடுக்கும்? 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியல் ஆய்வாளர் இதைச் சோதித்தார். ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும்கூட. சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளை அடுக்கும் வாக்கியத்தில் ‘பக்’ ஒலித்த அந்த நொடியே திரையில் ‘எறும்பு’ அல்லது ‘உளவாளி’ என்ற சொல் தோன்றும். தொடர்பில்லாத சொல்லைவிட இரண்டையுமே மக்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். மூன்று அசை தள்ளிக் காட்டினால் ‘எறும்பு’க்கு மட்டுமே அந்த வேகம். இரண்டு பொருளும் முதலில் விழிக்கின்றன. இடத்துக்குப் பொருந்தாதது உடனே அடங்கிவிடுகிறது.

ஆனால் விழிக்க இரண்டு பொருள் மனதில் இருக்க வேண்டுமே. கடன் வாங்கும் சொல் பெரும்பாலும் ஒரே பொருளோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. அவளிடம் இருந்தது மின்சாரம் மட்டும்.

எங்கள் கடலில் நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கே போகும். அக்டோபருக்குப் பின் தெற்கே திரும்பும். கரையோரம் ஒரு தேங்காய் மட்டை மெல்ல வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. “அதோ, அதை இழுத்துட்டுப் போற தண்ணிதான் கரண்ட்” என்றேன். புத்தகத்தை மணலில் வைத்துவிட்டு, அதோடு கூடவே நடக்க ஆரம்பித்தாள்.